எச்.ஐ.வி. என்று தெரிந்த பிறகும் சிகிச்சைக்குப் போகத் தயங்குபவரை எப்படி அழைத்துச் செல்வது?

ஏற்காட்டிலிருந்து ஒருவர் கேட்கிறார்:

வணக்கம். என் மாமா மகன் லாரி ஓட்டுநர்; சேர்வராயன் மலையில் எங்களுக்குப் பக்கத்து ஊர்க்காரர். குடலிறக்க அறுவைச் சிகிச்சைக்காகச் சேலத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனபோது எடுத்த இரத்தப் பரிசோதனையில் எச்.ஐ.வி. இருப்பதாக எழுதிக் கொடுத்து, அறுவைச் சிகிச்சையும் செய்யாமல், அரசு மருத்துவமனைக்குப் போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அவர் போகவில்லை. உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது என்கிறார். ஜி.எச்.சில் எங்கள் மலைக்காரர்கள் யாராவது எப்போதும் இருப்பார்கள், அந்த வரிசையில் நிற்பதைப் பார்த்துவிட்டால் மறுநாளே எஸ்டேட் முழுக்கத் தெரிந்துவிடும் என்பதுதான் அவருடைய உண்மையான பயம். மனைவிக்கு இன்னும் தெரியாது. அடுத்த லோடு ஏறிவிட்டால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். எங்கிருந்து தொடங்குவது? நாமக்கல் போன்ற வேறு மாவட்டத்தில் சேர முடியுமா?

பதில், ஓய்வு பெற்ற ஆலோசகர் ஒருவர், சேலம்:

ஐயா, தனியார் ஆய்வகத்தின் முடிவை மட்டும் வைத்துச் சிகிச்சை தொடங்க மாட்டார்கள். அரசு மருத்துவமனைகளில் உள்ள நம்பிக்கை மையத்தில் வெவ்வேறு வகையான மூன்று பரிசோதனைகள் மூலம் இலவசமாக உறுதி செய்த பிறகு, அங்குள்ள ஆலோசகரே சீட்டு எழுதி, எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்புவார். சேலத்தில் அந்த மையம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் இருக்கிறது. நான் பார்த்தவரை, ஆட்கள் தவறிப்போவது இந்தச் சீட்டுக்கும் முதல் மாத்திரைக்கும் இடையில்தான். சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மறுவாரம் வருகிறேன் என்று போனவர்களில் பலர், உடல் எடை பாதியாகக் குறைந்து காசநோயோடு திரும்பி வந்ததைப் பார்த்திருக்கிறேன். ஆகவே நீங்கள் வழி சொல்லி அனுப்பாதீர்கள். கூடவே போங்கள், இரண்டு இடங்களுக்கும்.

"உடம்பு நன்றாகத்தானே இருக்கிறது" என்பதற்கு ஒரு பழைய காரணமும் உண்டு. நோய் எதிர்ப்புக்கான சி.டி.4 இரத்த அணுக்கள் ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கிய பிறகே மருந்து என்று ஒரு காலத்தில் விதி இருந்ததால், காத்திருக்கலாம் என்ற எண்ணம் ஊரில் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 2017 முதல் அந்த விதி இல்லை. தொற்று உறுதியான எவருக்கும், அணுக்களின் எண்ணிக்கை எதுவாக இருந்தாலும், மருந்து உண்டு. இப்போதைய வழிகாட்டுதலின்படி அவர் தயாராக இருந்தால் 7 நாட்களுக்குள், முடிந்தால் அன்றைக்கே தொடங்கலாம். இருமல், காய்ச்சல், எடை குறைவு, இரவு வியர்வை ஆகியவற்றைக் கட்டாயம் கேட்பார்கள். காசநோய் இருந்தால் அதற்கான மருந்தை முதலில் தொடங்கிவிட்டுத்தான் இதைச் சேர்ப்பார்கள். கல்லீரல், சிறுநீரகம், மஞ்சள் காமாலை பி, சி ஆகிய பரிசோதனைகளும் இருக்கும். முதல் நாள் அலைச்சல் அதிகம்தான். மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கிவிடுவது நல்லது.

பதில், மருந்து எடுத்துவரும் ஒருவர், ஆத்தூர்:

வேறு மாவட்டத்தில் தாராளமாகச் சேரலாம். நாமக்கல்லில் ஓட்டுநர்கள் நிறையப் பேர் வருவதால் உங்கள் மாமா மகனுக்கு அங்கே கூச்சம் குறைவாக இருக்கவும் கூடும். ஆனால் ஆரம்பத்தில் மாதந்தோறும் மாத்திரை வாங்கப் போக வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். மலையிறங்கி, சேலம் வந்து, மறுபடி நாமக்கல் போவது இரண்டாவது மாதத்திலேயே சலித்துவிடும். சேலத்தில் தொடங்கினாலும் பின்னர் மாற்றிக்கொள்ளலாம்; மாற்றுச் சீட்டு தருவார்கள். உடல்நிலை சீரானதும் சேர்த்து 3 மாதத்துக்கு மருந்து கொடுக்கும் முறையும் இருக்கிறது. வண்டியில் போகிறவருக்கு அது பெரிய உதவி.

ஓட்டுநர் என்பதால் இன்னொன்று. பழைய கூட்டு மாத்திரையில் இருந்த எஃபவிரென்ஸ் தலைசுற்றலையும் கெட்ட கனவுகளையும் கொடுத்தது. அதைக் கேள்விப்பட்டே பலர் பயப்படுகிறார்கள். இப்போது தருவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த, ஒரு நாளைக்கு ஒரே மாத்திரை. அந்த மயக்கம் இதில் பொதுவாக இல்லை. ஆனால் வழியில் நெஞ்செரிச்சலுக்கு ஜெலுசில் போன்றவற்றைக் குடிப்பவரானால், அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் இந்த மாத்திரையைப் போட வேண்டும். இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. இதை மருந்தாளுநரிடம் அவரே சொல்லிக் கேட்டுக்கொள்ளட்டும். எச்.ஐ.வி.யை முழுமையாகக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யும் வைத்தியர்களிடம் மட்டும் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்ட விடாதீர்கள்.

கேட்டவர்:

மிக்க நன்றி. சேலத்திலேயே தொடங்கலாம் என்று ஒப்புக்கொண்டுவிட்டார், நானும் கூடப் போகிறேன். மருத்துவமனையில் இருந்தே மனைவிக்குச் சொல்லிவிடுவார்களா என்று கேட்கிறார்.

பதில், ஓய்வு பெற்ற ஆலோசகர்:

அவருடைய எழுத்துப்பூர்வமான சம்மதம் இல்லாமல் முதலாளிக்கோ உறவினருக்கோ சொல்லக் கூடாது என்று 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி. சட்டம் சொல்கிறது. மனைவி விஷயம் வேறு. அவருக்கும் தொற்று ஏற்படும் ஆபத்து இருப்பதால், தானே சொல்லும்படி கணவருக்கு ஆலோசனை வழங்கிய பிறகும் அவர் சொல்லாவிட்டால், மருத்துவரோ ஆலோசகரோ தெரிவிக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதுவரை போக விடாமல், இருவரையும் ஒன்றாக உட்கார வைத்து ஆலோசகர் முன்னிலையில் பேசுவதே நல்லது. அந்த அம்மாவுக்குப் பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தால், கணவரின் இரத்தத்தில் வைரஸ் கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடிக்கும்போது உடலுறவின் மூலம் பரவாது என்பதையும் அங்கேயே விளக்கச் சொல்லுங்கள். அதற்கான வைரஸ் அளவுப் பரிசோதனையை முதலில் 6 மாதத்தில் எடுப்பார்கள். அதுவரை ஆணுறை கட்டாயம்.

குடலிறக்கத்தை மறந்துவிடாதீர்கள். எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி அறுவைச் சிகிச்சையை மறுப்பதை அதே சட்டம் தடை செய்கிறது. ஏ.ஆர்.டி. மருத்துவரிடம் சொன்னால் அதே வளாகத்தில் உள்ள அறுவைச் சிகிச்சைப் பிரிவுக்கே எழுதிக் கொடுப்பார். போவதற்கு முன் அவருக்கே நேரடியாக ஏதாவது கேட்கத் தோன்றினால் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் பெயர் சொல்லாமலும் பேசலாம்.