குக்கி திரும்பி வராத அனுபவங்கள்

பகிர்வு 1

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், நான் பராமரித்துவந்த புத்தக விற்பனைத் தளம் ஒன்றைப் பற்றி ஒரே புகார் திரும்பத் திரும்ப வந்தது. வங்கிக் கணக்கில் பணம் பிடிக்கப்பட்டுவிட்டது. ஆனால் பேமென்ட் பக்கத்திலிருந்து எங்கள் தளத்துக்குத் திரும்பியதும் மறுபடி உள்நுழையச் சொல்கிறது, ஆர்டரின் சுவடே இல்லை. அலுவலகத்தில் பத்து முறைக்கு மேல் பணம் செலுத்திப் பார்த்தும் ஒருமுறைகூட அந்தப் பிழை தலைகாட்டவில்லை.

சிக்கல் குக்கியில் இருந்தது. வந்திருப்பவர் யார் என்று தளம் அடையாளம் காண, உலாவி சேமித்துவைத்துத் திருப்பி அனுப்பும் சிறு தரவுதான் குக்கி. வேறு தளத்திலிருந்து வரும்போது அதை அனுப்பலாமா என்று சொல்வது அதன் ‘சேம்சைட்’ பண்பு. பிப்ரவரியில் வெளியான குரோம் உலாவியின் 80ஆம் பதிப்பு முதல், சேம்சைட் பண்பு குறிப்பிடப்படாத குக்கிகளை ‘லாக்ஸ்’ (ஓரளவு தளர்வு) என்று கொள்ளும் முறையைக் கூகுள் படிப்படியாகக் கொண்டுவந்தது. கொரோனாவை முன்னிட்டு ஏப்ரலில் நிறுத்திவைத்து, ஜூலையில் மீண்டும் தொடங்கியது. வேறொரு தளத்திலிருந்து சாதாரண இணைப்பைச் சொடுக்கி, அதாவது கெட் முறையில், வருபவருடன் லாக்ஸ் குக்கி கூடவே வரும். போஸ்ட் முறையில் படிவமாக அனுப்பப்பட்டால் வராது. எங்களுக்காகப் பணம் வசூலிக்கும் சேவையான கேட்வேயோ போஸ்ட் முறையில்தான் வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பியது. அப்படியானால் எங்களுக்கு மட்டும் எப்படிச் சரியாக நடந்தது? உருவாகி இரண்டு நிமிடம் ஆகாத குக்கிக்கு மட்டும் குரோம் ஒரு விலக்கு அளித்திருந்தது. நாங்கள் உள்நுழைந்த கையோடு சோதனை அட்டை எண்ணை ஒட்டி, ஒரு நிமிடத்துக்குள் முடித்துவிடுவோம். வாடிக்கையாளரோ புத்தகம் தேடி, முகவரி எழுதி, ஓடிபிக்காகக் காத்திருந்து வருபவர்.

அவசரத்தில் சேம்சைட் மதிப்பை ‘நன்’ (எங்கிருந்து வந்தாலும் அனுப்பு) என்று மாற்றி, உடன் கட்டாயமான ‘செக்யூர்’ (பாதுகாப்பான இணைப்பில் மட்டும்) என்பதையும் சேர்த்தேன். ஐஓஎஸ் 12 சஃபாரி அந்த ‘நன்’ என்பதை ‘ஸ்ட்ரிக்ட்’ (வேறு தளத்திலிருந்து வந்தால் அனுப்பவே அனுப்பாதே) என்று எடுத்துக்கொள்ளும் பிழை கொண்டது என்பதால், அதுவரை பேசாதிருந்த ஐபோன்காரர்களும் புகார் செய்யத் தொடங்கினார்கள்.

உண்மையான தவறு என் நிரலில்தான் இருந்தது. திரும்பி வரும் பக்கத்தின் முதல் வரியே செஷனை, அதாவது உள்நுழைந்தவரைப் பற்றி சர்வர் வைத்திருக்கும் பதிவை, திறந்தது. குக்கி வராததால், தளம் எழுதப்பட்ட மொழியான பிஎச்பி புதியதொரு வெற்று செஷனை உருவாக்கி, அதன் எண்ணை அதே பெயரில் அனுப்பி, உலாவியில் பத்திரமாக இருந்த பழைய குக்கியையும் அழித்தது. இப்போது அந்தப் பக்கம் செஷனைத் தொடுவதே இல்லை. கேட்வேயின் கையொப்பத்தைச் சரிபார்த்து, ஆர்டர் எண்ணின்கீழ் பதிவுசெய்து, 303 என்னும் திசைமாற்றக் குறியீட்டைக் கொடுத்து எங்கள் தளத்தின் மற்றொரு பக்கத்துக்கு அனுப்பிவிடும். அது கெட் முறை என்பதால் குக்கி தானாக வந்துவிடும்.

பகிர்வு 2

ஐயா, எனக்கும் புத்தகத் தளத்தில்தான் வினை, ஆனால் வேறு வகை. கூடையில் பதின்மூன்று நூல்களுக்குமேல் ஏறவில்லை என்றார் ஒரு நூலகர். அங்கே கூடை முழுவதையும், நூல் தலைப்புகள் உட்பட, ஒரே குக்கியில் வைத்திருந்தேன். ஆங்கிலத் தலைப்புகளைக் கொண்டு சோதித்தபோது எந்தக் குறையும் தெரியவில்லை.

ஒரு குக்கிக்குச் சுமார் 4096 பைட் வரைதான் இடம். தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் யுடிஎஃப்-8 என்னும் எழுத்துக் குறியாக்கத்தில் மூன்று பைட். குக்கியில் எழுத, ஒவ்வொரு பைட்டையும் %E0 போன்ற மூன்றெழுத்துச் சதவீதக் குறியாக மாற்றினால் ஒன்பது. ‘தமிழ்’ என்னும் சொல்லில் மெய்ப்புள்ளியும் இகரக் குறியும் தனித்தனிக் குறியீடுகள் என்பதால், ஐந்து குறியீடுகள் சேர்ந்து 45 பைட் ஆகிவிடும். அளவு மீறியதும் உலாவி அதை ஓசையின்றிப் புறக்கணித்துவிட்டுப் பழைய குக்கியையே வைத்துக்கொண்டது. பிஎச்பியின் செட்குக்கி சார்போ ‘வெற்றி’ என்றே விடை தந்தது. குக்கியை எழுதச் சொல்லும் ஹெடர் வரி சர்வரிலிருந்து கிளம்பியதா என்பதைத்தான் அது சொல்கிறது, உலாவி ஏற்றதா என்பதை அல்ல. இதை உணர எனக்கு இரண்டு நாள் பிடித்தது. இப்போது குக்கியில் கூடையின் எண் மட்டுமே இருக்கிறது. தலைப்புகள் தரவுதளத்தில் இருக்கின்றன. நூலகர் அடுத்த முறை அறுபது நூல்கள் வாங்கினார்.