மார்க் ஆண்டனியா, மேஜர் மாதவனா: உண்மையிலேயே கெட்டவன் யார்?

கெடிலக்கரை (மஞ்சக்குப்பம், கடலூர்):

சில்வர் பீச்சில் உட்கார்ந்து நண்பர்களோடு ஆரம்பித்த வாக்குவாதம் இன்னும் முடியவில்லை, அதனால் இங்கே கொண்டு வருகிறேன். பாட்ஷா, ஆசை இரண்டும் ஒரே வருஷத்தில், 1995ல் வந்த படங்கள். பாட்ஷாவில் ரகுவரன் செய்த மார்க் ஆண்டனி பம்பாயையே ஆட்டிவைக்கிற தாதா, அவனால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று கணக்கே கிடையாது. ஆசையில் பிரகாஷ்ராஜ் செய்த மாதவன் ராணுவ மேஜர், மாமனார் வீட்டில் எல்லோரும் மதிக்கிற மாப்பிள்ளை. ஆனால் மார்க் ஆண்டனியைப் பார்த்து எனக்குப் பயமே வந்ததில்லை, ரகுவரன் எப்போது வருவார் என்றுதான் காத்திருப்பேன். மச்சினியை அடைய வேண்டும் என்பதற்காக மாதவன் சொந்தப் பெண்டாட்டியின் முகத்தில் பிளாஸ்டிக் பையை மூடிக் கொல்கிற காட்சியை இத்தனை வருஷம் கழித்தும் என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை.

நண்பர்கள் சொல்வது, ஹீரோவுக்குச் சமமாக எதிரில் நிற்க முடிந்தவன்தான் வில்லன், மற்றவனெல்லாம் சில்லறை. எனக்கு அது ஒப்பவில்லை. நிறுத்திக்கொள்ள ஒரு வாய்ப்பு கண்ணெதிரே இருந்தும், தெரிந்தே அதைத் தாண்டிப் போகிறானா என்றுதான் நான் பார்ப்பேன். அந்தக் கணக்கில் என் பட்டியலில் முதல் ஆள் மூன்று முடிச்சு (1976) படத்தில் ரஜினி செய்த பிரசாத். நண்பன் படகிலிருந்து ஏரியில் விழுந்து தத்தளிக்கிறான், இவனுக்கு நீச்சல் தெரியும், நண்பனின் காதலி கெஞ்சுகிறாள், இவன் தெரியாது என்று சொல்லிவிட்டு அசையாமல் இருக்கிறான். கையால் யாரையும் தொடக்கூட இல்லை. ரஜினியை அதற்குப் பிறகு எத்தனையோ விதமாகப் பார்த்தாகிவிட்டது, அந்தப் படகில் இருந்த முகம் மட்டும் வேறு.

நீங்கள் எதை வைத்து முடிவு செய்வீர்கள்? சின்ன வயதில் பட்ட கஷ்டம் என்று ஒரு ஃபிளாஷ்பேக் வைத்துவிட்டால் அவன் கெட்டவன் என்பது குறைந்துவிடுமா?

வெண்மேகம் (முத்தியால்பேட்டை, புதுச்சேரி):

மாதவன் விஷயத்தில் உங்கள் பக்கம்தான், ஆனால் பிரசாத்தை முதலிடத்தில் வைப்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் படத்திலேயே அவனுடைய மனசாட்சி இன்னொரு உருவமாக எதிரில் வந்து நின்று அவனைக் கேள்வி கேட்கிறது, கடைசியில் அவன் திருந்தவும் செய்கிறான். உள்ளே ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறவனை முழுக் கெட்டவன் என்று எப்படிச் சொல்வது? பாலசந்தர் அவனை அந்த இடத்துக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டார்.

மாதவனுக்கு அந்தக் குரல் கேட்பதே இல்லை. பெண்களுக்கு அந்தப் படம் ஏன் இவ்வளவு உறைக்கிறது என்றால், அவன் வெளியிலிருந்து சுவர் ஏறிக் குதித்து வந்தவன் கிடையாது. அக்கா புருஷன், உரிமையோடு வந்து போகிறவன், துக்க வீட்டில் தானும் துக்கம் காக்கிறவன். அப்பாவே அவனை நம்பி, மகளை உண்மையாகக் காதலிக்கிற பையனைச் சந்தேகப்படுகிறார். எனக்கு கொலையைவிடப் பதறியது அந்த இடம்தான், ஏனென்றால் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொன்னாலும் எடுபடாது. இப்படி ஒரு சொந்தக்காரரைச் சமாளித்து வளர்ந்த பெண்கள் எத்தனை பேர் என்று வீட்டில் விசாரித்துப் பாருங்கள்.

எங்க வீட்டுப் பிள்ளையில் (1965) நம்பியாரும் அக்கா புருஷன்தான், சவுக்கு எடுத்து விளாசுவார். ஆனால் அவர் நடந்து வரும்போதே யார் என்று தியேட்டருக்கே தெரிந்துவிடும். பி.எஸ். வீரப்பாவின் சிரிப்பும் அப்படித்தான், வருகிறேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிற சிரிப்பு. அவர்களை ரசித்தோம், திட்டினோம், வீட்டுக்கு வந்து தூங்கினோம். (நிஜத்தில் நம்பியார் ஐயப்ப பக்தர்களுக்கு குருசாமி, அம்மா அதை ஒவ்வொரு முறையும் சொல்வார்கள்.) மார்க் ஆண்டனி அந்த வரிசையில்தான் வருவான்.

படுகளம் (நெல்லிக்குப்பம்):

சினிமாவுக்கு முன்னாலேயே நம் ஜனங்கள் இதை யோசித்து வைத்திருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் போக மனசில்லை. நம் பக்கம் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்து நடக்குமே, அதில் துகிலுரிகிற ராத்திரியைக் கவனித்திருக்கிறீர்களா? துச்சாதனன் வேஷம் கட்டியவர் சேலையில் கை வைப்பதற்கு முன்னால் ஆட்டத்தை நிறுத்திவிட்டு, கற்பூரம் ஏற்றி, தாயே மன்னித்துக்கொள் என்று அம்மனைக் கும்பிட்டுவிட்டுத்தான் தொடுவார். துரியோதனன் வேஷத்துக்கு அப்படி மன்னிப்பு கேட்டு நான் பார்த்ததில்லை. அவன் கிரீடமும் புஜக்கட்டையுமாக ராஜா மாதிரி வருவான், கூட்டம் நிமிர்ந்து உட்காரும். போர் முடிகிற படுகளத்தன்று மண்ணால் பெரிய உருவமாக அவனைக் கிடத்தி, பீமன் தொடையில் அடித்து, திரௌபதி கூந்தல் முடிக்கிறாள். சாக வேண்டியவன்தான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. ஆனாலும் அவன் பெண்டாட்டி பெருந்திருவாள் புலம்பும்போது சுற்றி நிற்கிற பெண்களும் சேர்ந்து அழுகிறார்கள்.

ஏன் என்றால் அவனுக்குக் கர்ணன் இருக்கிறான். துரியோதனன் மனைவியோடு கர்ணன் சொக்கட்டான் ஆடும்போது மேகலை அறுந்து முத்து சிதற, உள்ளே வந்தவன் ஒரு துளி சந்தேகம் இல்லாமல் "எடுக்கவோ கோக்கவோ" என்று கேட்ட கதை வில்லிபாரதத்திலேயே வருகிறது. கர்ணன் (1964) படத்தில் அசோகன் அந்த இடத்தைச் செய்திருப்பார், வில்லனாகவே பார்த்துப் பழகிய அசோகன். சகுனிக்குக்கூட அப்பாவின் எலும்பில் செய்த பகடை என்று ஒரு பழி வாங்கும் கதையை ஊரில் சொல்வார்கள். துச்சாதனனுக்கு அப்படி எதுவும் கிடையாது. அண்ணன் சொன்னான், இழுத்தான், அதில் அவனுக்கு ஒரு சந்தோஷம் வேறு. எந்தக் காரணமும் இல்லாமல் செய்கிறவனை நடிப்பதற்குத்தான் கூத்தாடிக்கே பயமாக இருக்கிறது. ஒரே ஒரு மனுஷன் மேலாவது உண்மையான பாசம் இருந்துவிட்டால் அவன் கெட்டவனாக இருக்கலாம், முழுக் கெட்டவன் இல்லை என்பது என் எண்ணம்.

நிலாமுற்றம் (லாஸ்பேட்டை):

படுகளம் அண்ணா, கூத்து பற்றிச் சொன்னது பிரமாதம், ஆனால் பாசத்தை வைத்து அளப்பதில் எனக்குப் பிரச்சினை இருக்கிறது. பரியேறும் பெருமாள் (2018) தாத்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டட வேலை பார்க்கிற மேஸ்திரி, சட்டை கசங்கிய சாதாரணக் கிழவர். ஆற்றில் குளித்துக்கொண்டிருக்கிற பையனை அமுக்கிக் கொல்கிறார், விபத்து, தற்கொலை என்று ஊர் நம்பும்படி முடித்துவிட்டு நிதானமாகக் கிளம்பிப் போகிறார். பணத்துக்காகக்கூட இல்லை, சாதி கௌரவத்துக்காக, குலசாமிக்குச் செய்கிற காரியம் மாதிரி செய்கிறார். அவருக்குப் பக்தி இருக்கிறது, இனத்தார் மேல் பாசமும் இருக்கிறது, அந்தப் பாசத்தால்தான் கொல்கிறார்! கடைசியில் நாயகனைக் கொல்லப் போன காரியம் தோற்றதும் தண்டவாளத்தில் தலை வைத்துப் படுக்கிறாரே, அது குற்ற உணர்ச்சி இல்லை, முடியாமல் போன அவமானம். கெடிலக்கரை சொன்ன அந்த வாய்ப்பே அவர் கண்ணுக்குத் தெரியவில்லை, ஏனென்றால் தப்பு செய்கிறோம் என்ற நினைப்பே கிடையாது. தமிழில் இதைவிடக் கெட்டவனை நான் பார்க்கவில்லை.

அந்தப் படத்தை எடுத்த மாரி செல்வராஜ்தான் மாமன்னனில் (2023) ரத்தினவேலுவை எழுதினார். பந்தயத்தில் தோற்ற நாயை அடித்தே கொல்கிறவன், எதிரில் உட்காரும் உரிமையைக்கூட இன்னொருத்தனுக்குத் தர முடியாதவன். எழுத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் படம் ஓடிடியில் வந்ததும் என்ன நடந்தது? ஃபகத் ஃபாசிலின் காட்சிகளை வெட்டி, சாதிப் பெருமைப் பாட்டைப் போட்டு, ரத்தினவேலுவையே நாயகனாக்கிப் பரப்பினார்கள். என் கல்லூரி வாட்ஸ்அப் குழுவிலேயே வந்தது, அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நடிகர் அழகு, கண் பேசுகிறது, பின்னணி இசை தூக்குகிறது, எல்லாம் சரி, ஆனால் அதற்காக மட்டும் அவர்கள் கொண்டாடவில்லை என்பது எல்லோருக்கும் தெரியும். தாத்தாவுக்கு அப்படி ஒரு வீடியோ செய்ய யாராலும் முடியவில்லை, கேமரா அவருக்கு எந்த அலங்காரமும் செய்யவில்லை. இனி வில்லன் எழுதுகிற ஒவ்வொரு இயக்குநரும் இதை யோசித்தே ஆக வேண்டும்.

மணிமுத்தாறு (விருத்தாசலம்):

யாரும் ஜெய் பீமைத் (2021) தொடவில்லையே. 1993ல் கம்மாபுரம் பக்கம் நடந்த லாக்கப் மரணத்தை வைத்து எடுத்த படம், எங்களுக்கு அது பக்கத்து ஊர்ச் சங்கதி. எஸ்.ஐ. குருமூர்த்தியை முழுக் கெட்டவன் என்று படம் பார்த்த எல்லோரும் சொன்னார்கள், அதில் நடித்த நடிகர் தமிழ் அவ்வளவு நன்றாகச் செய்திருந்தார். எனக்குள்ள வருத்தம் வேறு. கொடூரம் மொத்தத்தையும் ஒரு முகத்தில் ஏற்றியதும், பக்கத்தில் நின்று பிடித்துக்கொண்டவர்கள், சத்தம் கேட்டும் எழுதிக்கொண்டே இருந்தவர்கள், சீக்கிரம் கேஸை முடி என்று மேலிருந்து நெருக்கியவர்கள் எல்லாம் பார்க்கிறவன் மனசிலிருந்து நழுவிப் போய்விடுகிறார்கள்.

வெற்றிமாறனின் விசாரணை படத்தில் அது நடக்கவில்லை. குண்டூரில் பிழைக்கப் போன தமிழ்ப் பையன்களைப் பிடித்து, மொழிகூடப் புரியாதவர்களை, செய்யாத திருட்டை ஒத்துக்கொள்ளச் சொல்லி அடிக்கிறார்கள். அடிக்கிறவனுக்கு அவர்கள் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை, ஒரு ஃபைல் மூட வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்கு உதவி செய்த போலீஸ்காரரான சமுத்திரக்கனியையும் கடைசியில் அதே துறை தின்றுவிடுகிறது. ஒரு ஆளைக் காட்டி இவன்தான் வில்லன் என்று சொல்ல முடியவில்லை, ஆனால் அவ்வளவு தீமையை நான் வேறு படத்தில் பார்த்ததில்லை. தனி ஆள் எவனும் அந்த உயரத்துக்கு வரமாட்டான், மார்க் ஆண்டனியும் சரி, மாதவனும் சரி.

கெடிலக்கரை:

எல்லோருக்கும் நன்றி. நிலாமுற்றம் சொன்னதற்குப் பிறகு தாத்தாவைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் தப்பு என்று தெரியாமல் செய்கிறவன் மேலே, தெரிந்தே செய்கிறவன் கீழே என்று வைக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை. தாத்தாவைப் பார்த்தால் அவரை இப்படி ஆக்கிய ஊர் மேலும் கோபம் வருகிறது, மாதவன் விஷயத்தில் கோபம் அவனோடு நின்றுவிடுகிறது.

ஃபிளாஷ்பேக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நானே சொல்லிவிடுகிறேன். சிகப்பு ரோஜாக்களில் (1978) பெண்களைக் கொல்கிற கமலுக்குச் சின்ன வயதுக் கதை ஒன்று வரும். அது வரும்வரை இருந்த நடுக்கம் அதற்குப் பிறகு எனக்குப் பாதியாகிவிட்டது. அந்தப் பெண்களின் சாவு மட்டும் பாதியாகவில்லை. தனி ஒருவனில் (2015) அரவிந்த்சாமி கடைசியில் எதிராளி கையிலேயே ஆதாரத்தைக் கொடுத்துவிட்டுப் போகிறான், தியேட்டரில் அவனுக்குத்தான் கைதட்டு. அங்கே இயக்குநர் அவனைக் கொஞ்சம் மன்னித்துவிட்டார் என்று எனக்குப் படுகிறது.

வெண்மேகம்:

ஊர் மேல் கோபம் வருகிறது என்பதற்காகத் தாத்தாவுக்கு ஒரு படி குறைக்காதீர்கள். ஆற்றில் மூச்சு முட்டிய பையனுக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. மணிமுத்தாறு சொன்னது வேறு மாதிரி, அதில் யாரைத் தண்டிப்பது என்றே தெரியாமல் முடிகிறது, அதற்கு ஒரு தனித் திரி ஆரம்பியுங்கள், நானும் எழுதுகிறேன். இங்கே கேட்டது ஆளைப் பற்றி, அதனால் என் ஓட்டு மாதவனுக்குத்தான்.