புதுப்பிப்பு: பெட் பாட்டில் ஃபெல்ட் தட்டு இப்போது வடிவம் இழப்பதில்லை

மறுசுழற்சி செய்த பெட் (PET, பாட்டில் பிளாஸ்டிக்) இழைகளாலான ஃபெல்ட் என்ற கெட்டித் துணியைச் சூடான அச்சில் அழுத்தித் தட்டு செய்தால், எடுத்த சிறிது நேரத்தில் விரிந்துவிடுகிறது, மூலைகளும் கிழிகின்றன என்று கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் நன்றி.

முதலில் அச்சின் சூட்டைக் கூட்டிப் பார்த்தேன். மேற்பரப்பு கண்ணாடிபோல் பளபளத்து அச்சில் ஒட்டிக்கொண்டதுதான் மிச்சம். "உங்கள் ஃபெல்ட்டில் லோ மெல்ட் இழை இருக்கிறதா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். லோ மெல்ட் என்றால் குறைந்த சூட்டிலேயே உருகி மற்ற இழைகளை ஒட்டவைக்கும் இழை. அது இல்லாததுதான் காரணம். விற்றவரிடம் விசாரித்தால், ஊசிகளால் குத்தி இழைகளைப் பின்னவைத்த வெறும் ஃபெல்ட்டாம்! சாதாரண பெட் இழை உருக ஏறக்குறைய 250 டிகிரி வேண்டும். இழைகளை ஒட்டவைக்க அதில் எதுவுமே இல்லை.

லோ மெல்ட் 40 சதவீதம் கலந்த ஃபெல்ட்டை வாங்கினேன். இன்னொருவர் சொன்னபடி முறையையும் தலைகீழாக்கினேன்: ஃபெல்ட்டை ஓவனில் 180 டிகிரியில் மூன்று நிமிடம் சூடாக்கி, உடனே குளிர்ந்த அச்சில் அழுத்துகிறேன். ஒரு நிமிடம் கழித்து, கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே எடுக்கிறேன். அவசரப்பட்டு எடுத்த இரண்டு தட்டுகள் மறுபடியும் விரிந்தன.

எதிர்பாராதது ஒன்று: மூலைக் கிழிசலுக்கும் சூட்டுக்கும் சம்பந்தமே இல்லை. விளிம்பை நான் இறுகப் பிடித்திருந்ததால் துணி உள்ளே நகர வழியில்லாமல் போயிருக்கிறது. பிடியைத் தளர்த்தி, அச்சின் மூலை வளைவு ஆரத்தை 3 மில்லிமீட்டரிலிருந்து 8 ஆக்கியதும் கிழிசல் நின்றது. ஓவனில் ஃபெல்ட் சுருங்கும். சற்றுப் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள்.