1858-இல் ‘பெல்ஃபாஸ்ட்’டில் திருமணம், பிறந்ததோ கிளேர்: அயர்லாந்திலிருந்து விக்டோரியா வந்த மூதாதையைத் தேட உதவி வேண்டும்

கேள்வி: பேரன் தாத்தா, மெல்பர்ன்

அனைவருக்கும் வணக்கம். என் பேரனுக்காக இரு வழி வம்சாவளியையும் எழுதி வைக்கும் வேலையில் இறங்கியிருக்கிறேன். எங்கள் பக்கம் ஒருவாறு முடிந்துவிட்டது. மருமகளின் தாய்வழிதான் ஓரிடத்தில் முட்டிக்கொண்டு நிற்கிறது. சம்பந்தி அம்மாளுடைய பாட்டனாருக்குப் பாட்டியான ஒருவர் அயர்லாந்திலிருந்து விக்டோரியாவுக்கு வந்தவர். பெயர் பிரிட்ஜெட். பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று சம்பந்தி வீட்டார் கேட்டுக்கொண்டார்கள். கிளேர் கவுன்ட்டியில் பரவலாகக் காணப்படும் பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் இருப்பவை மூன்று. முதலாவது, 1903-ஆம் ஆண்டின் இறப்புச் சான்றிதழ். அதில் வயது 64, பிறப்பிடம் ‘கிளேர், அயர்லாந்து’, தந்தை மைக்கேல், விவசாயி, தாய் பெயர் ‘தெரியாது’, விக்டோரியாவில் வாழ்ந்த காலம் 46 ஆண்டுகள், திருமணம் நடந்த இடம் பெல்ஃபாஸ்ட் என்று இருக்கிறது. இரண்டாவது, அவருடைய மகனின் 1862-ஆம் ஆண்டுப் பிறப்புச் சான்றிதழ். மகன் பிறந்தது டவர் ஹில், பெற்றோரின் திருமணம் 1858, பெல்ஃபாஸ்ட். மூன்றாவது, அரசு உதவிப் பயணிகளின் அட்டவணையில் கிடைத்த ஒரு பதிவு: அதே பெயர், கிளேர், வயது 22, வந்த ஆண்டு 1856.

என் குழப்பம் இதுதான். கிளேர் அயர்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கிறது, பெல்ஃபாஸ்ட்டோ வடகிழக்கு மூலையில். 1858-இல் அங்கே திருமணம் செய்துகொண்டவர் 1856-இலேயே மெல்பர்னில் வந்து இறங்கியிருக்க முடியாது. வயதும் ஐந்தாண்டு இடிக்கிறது. ஆகவே மூன்றாவது பதிவு வேறொரு பிரிட்ஜெட்டுடையது என்று ஒதுக்கிவிடலாமா? பெல்ஃபாஸ்ட் திருமணப் பதிவுகளைத் தேடினாலோ, அயர்லாந்தில் கத்தோலிக்கத் திருமணங்களை அரசு பதியத் தொடங்கியதே 1864-இல்தான் என்கிறார்கள். பஞ்ச காலத்தில் ஏழையர் விடுதியிலிருந்து அனுப்பப்பட்ட அநாதைப் பெண் அவர் என்றொரு பேச்சும் சம்பந்தி வீட்டில் வழிவழியாக இருக்கிறது.

மறுமொழி: பழஞ்சுவடி, வார்னம்பூல்

ஐயா, அவசரப்பட்டு ஒதுக்கிவிடாதீர்கள். தங்கள் சான்றிதழ்களில் உள்ள பெல்ஃபாஸ்ட் அயர்லாந்தில் இல்லை. விக்டோரியாவின் மேற்குக் கடற்கரையில் இன்று போர்ட் ஃபேரி என்று வழங்கும் துறைமுக ஊருக்கு 1887 வரை பெல்ஃபாஸ்ட் என்றே பெயர். 1840-களில் அங்கே பெருநிலம் பெற்ற ஜேம்ஸ் அட்கின்சன் என்னும் சிட்னி வழக்கறிஞர் இட்ட பெயர் அது. மகன் பிறந்ததாகச் சொல்லும் டவர் ஹில் அந்த ஊருக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டவர் ஹில், கோராய்ட், கில்லார்னி என்று அந்தச் சுற்றுவட்டாரம் முழுவதும் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பங்கள் எரிமலை மண்ணில் உருளைக்கிழங்கு பயிரிட்டு வாழ்ந்த பகுதி. நான் இருக்கும் ஊரிலிருந்து காரில் சிறிது நேரம்தான்.

ஆகவே 1856-இல் வந்து இறங்கியவர் 1858-இல் இங்கேயே திருமணம் செய்துகொண்டார் என்று கொள்வதில் எந்த முரணும் இல்லை. 1903-இலிருந்து 46 ஆண்டுகளைக் கழித்தால் 1857 வருகிறது. இறந்தவரைப் பற்றிப் பிள்ளைகள் சொல்லும் கணக்கில் ஓராண்டு பிசகுவது மிகவும் சாதாரணம்.

இனிச் செய்ய வேண்டியது ஒன்றுதான். விக்டோரியாவில் அரசுப் பதிவு 1853 ஜூலையில் தொடங்கிவிட்டதால் அந்த 1858 திருமணத்துக்குச் சான்றிதழ் இருந்தாக வேண்டும். மாநிலப் பதிவகத்தின் இணையதளத்திலேயே கட்டணம் செலுத்திப் படமாக இறக்கிக்கொள்ளலாம். இறப்புச் சான்றிதழில் தகவல் தந்தவர் யார் என்று ஒரு கட்டம் இருக்கும், பாருங்கள். பெரும்பாலும் மகனோ மருமகனோ இருப்பார்கள், அயர்லாந்தைக் கண்ணால் கண்டிராதவர்கள். தாய் பெயர் ‘தெரியாது’ என்றால் அவருக்குத் தெரியவில்லை என்றுதான் பொருள். திருமணச் சான்றிதழில் பேசியவரோ மணமகளே. தன் பிறப்பிடத்தையும், தந்தை தாய் பெயரையும், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரையும், தந்தையின் தொழிலையும் அவரே சொல்லியிருப்பார். என்னைக் கேட்டால், எந்த ஆவணத்தைக் கையில் எடுத்தாலும் அதைச் சொன்ன வாய் யாருடையது என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

அநாதைப் பெண் என்ற பேச்சைப் பற்றி: குடும்பத்தார் மனத்தில் இருப்பது அனேகமாக ஏர்ல் கிரே திட்டம். ஏழையர் விடுதிகளிலிருந்து 4,000-க்கும் மேற்பட்ட பெண்களை சிட்னிக்கும் மெல்பர்னுக்கும் அடிலெய்டுக்கும் அனுப்பிய திட்டம் அது. ஆனால் 1848 முதல் 1850 வரைதான் நடந்தது. 1856-இல் வந்தவரை அதில் சேர்க்க வழியில்லை.

மறுமொழி: ஏடு புரட்டி, பாலரட்

முன்னவர் சொன்னது முற்றிலும் சரி. கப்பல் பதிவைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள் சேர்க்கிறேன். தாங்கள் பார்த்தது அட்டவணை. மூலப் பட்டியலின் படம் விக்டோரியா பொது ஆவணக் காப்பகத்தில் இருக்கிறது. மூலத்தில் மதமும் எழுத்தறிவும் மட்டுமல்லாமல், கரையிறங்கிய பிறகு யாரிடம் வேலைக்குச் சேர்ந்தார், எந்த ஊரில், என்ன சம்பளத்துக்கு என்ற விவரமும் பல கப்பல்களுக்கு இருக்கிறது. வேலைக்குப் போகாமல் உறவினரிடம் போனவர்களுக்கு அந்த இடத்தில் ‘சகோதரனிடம்’, ‘அத்தையிடம்’ என்று எழுதி ஊர்ப்பெயரும் இட்டிருப்பார்கள். அதில் பெல்ஃபாஸ்ட் என்று வந்தால் தங்கள் ஐயம் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வயது இடிப்பதைப் பொருட்படுத்த வேண்டாம். உதவிப் பயணத்துக்கு வயது வரம்பு இருந்ததால் கூட்டியும் குறைத்தும் சொல்வது வழக்கம். தங்கள் பிறந்த ஆண்டையே சரியாக அறியாதவர்களும் பலர். பெயரிலும் அகலமாகத் தேடுங்கள்: பிரிட்ஜெட் என்பவர் பிடி என்றும் டீலியா என்றும் எழுதப்பட்டிருக்கலாம், குடும்பப்பெயரின் முன்னுள்ள ‘ஓ’ உதிர்ந்திருக்கலாம். அதே கப்பலில் அதே குடும்பப்பெயரோடு கிளேரிலிருந்து வந்தவர்கள் எல்லாரையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் பெரும்பாலும் தனியே வந்தவர்கள் அல்லர்.

கேட்டவர்: பேரன் தாத்தா

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. திருமணச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. மணமகளின் வயது 23, பிறப்பிடம் ‘கில்மரி, கிளேர்’, தந்தை மைக்கேல், தாய் மார்கரெட், அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் தெளிவாக இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் மணமகளின் குடும்பப்பெயரே கொண்ட ஓர் ஆண். கப்பல் பட்டியலின் மூலத்தில் ‘சகோதரனிடம், பெல்ஃபாஸ்ட்’ என்றே எழுதியிருக்கிறது. சம்பந்தி அம்மாளுக்கு ஒரே மகிழ்ச்சி.

ஆனால் வரைபடத்தைத் திறந்தால் கிளேரில் ஒன்றுக்கு மேற்பட்ட கில்மரி இருக்கின்றன. இதற்கு மேல் எப்படிப் போவது? அக்கால மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தேட முடியுமா?

மறுமொழி: கல்லறை வாசகி, டப்ளின்

ஐயா, கணக்கெடுப்பு உதவாது. 1821 முதல் 1851 வரையிலானவை பெரும்பாலும் 1922 ஜூன் மாதம் டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் வளாகத்தில் இருந்த ஆவணக் காப்பகம் எரிந்தபோது அழிந்தன. அடுத்த நான்கையும் அரசே அழித்துவிட்டது. முழுமையாக எஞ்சிய முதல் இரண்டு 1901, 1911. அதனால்தான் நாங்கள் எல்லாரும் வரிக்கணக்கின் வழியாகச் சுற்றிப் போகிறோம்.

கிளேரில் கில்மரி என்ற பெயரில் மூன்று குடிமைப் பங்குகள், அதாவது அரசு நிர்வாகத்துக்கான ஊர்ப் பிரிவுகள், உண்டு. அட்லாண்டிக் கரையை ஒட்டி கில்மரி இப்ரிக்கேன், தெற்கே ஷானன் முகத்துவாரத்தின் பக்கம் கில்மரி மக்மஹோன், கிழக்கே கில்மரி நெகால். எது தங்களுடையது என்பதை மைக்கேலின் பெயரால் மட்டும் கண்டுபிடிக்க முடியாது, மைக்கேல்கள் எங்கும் இருப்பார்கள். தந்தையின் குடும்பப்பெயரும் தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரும் எந்தப் பங்கில் ஒன்றாகக் காணப்படுகின்றன என்று பாருங்கள். இதற்கு ஏற்றது கிரிஃபித் மதிப்பீடு. நில வரிக்காக நாடு முழுவதும் எடுக்கப்பட்டது, கிளேருக்கு 1855-இல் வெளியானது. டவுன்லாண்டு வாரியாக, அதாவது பங்குக்குள் அடங்கிய சிறு நிலப்பிரிவு வாரியாக, யார் குடியிருந்தார், நிலக்கிழார் யார், எவ்வளவு நிலம், என்ன மதிப்பு என்று அதில் இருக்கும். பிரிட்ஜெட் கப்பலேறியதற்கு முந்தைய ஆண்டு என்பதால், தந்தை அப்போது உயிரோடிருந்தால் பெயர் அகப்பட வாய்ப்புண்டு. கிளேர் கவுன்ட்டி நூலகத்தின் தளத்தில் இதைப் பங்குவாரியாக இலவசமாகப் படிக்கலாம்; 1820-களிலும் 1830-களிலும் எடுக்கப்பட்ட தசமபாகக் கணக்கும், அதாவது அரசுத் திருச்சபைக்கு நிலத்தார் செலுத்திய வரிக் கணக்கும், அங்கேயே கிடைக்கும்.

பங்கு தெரிந்தவுடன் ஞானஸ்நானப் பதிவேடு. அயர்லாந்து தேசிய நூலகம் கத்தோலிக்கப் பதிவேடுகளின் படங்களை 2015 முதல் இலவசமாகத் தருகிறது. எச்சரிக்கை: கத்தோலிக்கப் பங்கின் எல்லையும் குடிமைப் பங்கின் எல்லையும் பல இடங்களில் ஒன்றல்ல. பதிவுகள் பல இடங்களில் இலத்தீனில் இருக்கும், பிரிட்ஜெட் ‘பிரிஜிடா’ ஆகியிருப்பார். மேற்கு அயர்லாந்தில் பல பதிவேடுகள் தாமதமாகவே தொடங்குகின்றன. அவருடைய ஞானஸ்நானம் கிடைக்காமல் தம்பி தங்கையுடையது கிடைத்தால் அதுவும் போதும். 1832 முதல் 1840 வரை ஒவ்வொரு பக்கமாகப் புரட்டுங்கள். ஞானப்பெற்றோரின் பெயரையும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தார்.

கேட்டவர்: பேரன் தாத்தா

அம்மா, தாங்கள் சொன்னபடி பார்த்தேன். கிரிஃபித்தில் மைக்கேல் என்ற பெயரோடு நம் குடும்பப்பெயர் இப்ரிக்கேனில் இரண்டு இடத்திலும் மக்மஹோனில் ஓரிடத்திலும் வருகிறது, நெகாலில் இல்லை. மார்கரெட்டின் பிறந்த வீட்டுப் பெயர் இப்ரிக்கேனில் மட்டுமே இருக்கிறது. இரண்டு மைக்கேல்களில் எவர் என்பதுதான் பாக்கி.

மறுமொழி: கல்லறை வாசகி, டப்ளின்

நல்ல முன்னேற்றம். ஆனாலும் மக்மஹோனை இப்போதே அடித்துவிடாதீர்கள், பெண் எடுத்த ஊர் வேறாகவும் இருக்கலாம். இனிப் பிரிட்ஜெட்டை விட்டுவிட்டு, சாட்சிக் கையெழுத்திட்ட சகோதரனைப் பிடியுங்கள். அவர் விக்டோரியாவில் இறந்திருந்தால் அவருடைய சான்றிதழில் டவுன்லாண்டின் பெயரே இருக்கலாம். இரண்டு மைக்கேல்களின் நிலமும் பிறகு யார் கைக்கு மாறியது என்பதை டப்ளினில் 2023 வரை தனியே இயங்கிய மதிப்பீட்டு அலுவலகத்தின் திருத்தப் பதிவேடுகளில் ஆண்டுவாரியாகப் பின்தொடரலாம். அது 1901 கணக்கெடுப்பில் உள்ள வீடு வரை கொண்டுவந்து விடும்.

மறுமொழி: பழஞ்சுவடி, வார்னம்பூல்

சகோதரன் இந்தப் பக்கத்திலேயே இறந்திருந்தால் டவர் ஹில் கல்லறைத் தோட்டத்தில் கல் இருக்க வாய்ப்பு அதிகம். கவுன்ட்டியோடு நில்லாமல் பங்கின் பெயரையும் செதுக்கிய பழைய ஐரிஷ் கற்கள் உண்டு. ஆஸ்திரேலிய தேசிய நூலகத்தின் ட்ரோவ் தளத்தில் உள்ளூர்ப் பத்திரிகைகளோடு மெல்பர்னின் கத்தோலிக்க ஏடான ‘அட்வகேட்’டிலும் இரங்கல் குறிப்பைத் தேடுங்கள். சகோதரனின் முதற்பெயரையும் இறந்த ஆண்டையும் கண்டுபிடித்ததும் எனக்குத் தனிச் செய்தி அனுப்புங்கள்; ஞாயிறன்று அந்த வழியாகப் போகிறேன், கல்லைப் பார்த்துப் படம் எடுத்து அனுப்புகிறேன்.