ஆஸ்டினில் பனி எச்சரிக்கை: மூன்று நாள் வீட்டுக்குள் அடைபட்டால் எப்படிச் சமாளிப்பது?

கேள்வி – புதுக்குடித்தனம்

வணக்கம். கடந்த ஆகஸ்டில்தான் சென்னையிலிருந்து அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டினின் வடபகுதிக்குக் குடிவந்தோம். அப்போது 100 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் வெயில் கொளுத்தியதால், கம்பளிகளை ஊரிலேயே விட்டுவிட்டு வந்தோம். இப்போது ஞாயிறு இரவு முதல் மூன்று நாள்களுக்கு உறைமழையும் (விழுந்த இடத்திலேயே உறையும் மழை) பனியும் இருக்கும் என்கிறார்கள். கடையில் ரொட்டியும் தண்ணீர்ப் புட்டிகளும் தீர்ந்துவிட்டன.

வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையும் 68 வயது மாமியாரும் இருக்கிறார்கள். வாடகை வீடு. எரிவாயு அடுப்பு இருப்பதால், மின்சாரம் போனாலும் அதை எரியவிட்டு வீட்டைச் சூடாக வைத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். அது சரிதானா? 2021 பனிப்புயலின்போது இங்கே இருந்தவர்கள் எதை முதலில் செய்ய வேண்டும் என்று சொன்னால் பேருதவியாக இருக்கும்.

பதில் 1 – ரவுண்ட்ராக் வாசி

அடுப்பைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: வேண்டவே வேண்டாம். மூடிய வீட்டில் அதை மணிக்கணக்கில் எரியவிட்டால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலியும் அசதியும் வந்தபின் எழுந்து கதவைத் திறக்கவே தோன்றாது. 2021 பிப்ரவரிப் புயலில் மாநில சுகாதாரத் துறை கணக்கிட்ட 246 இறப்புகளில் பெரும்பாலானவை குளிரால் நேர்ந்தவை என்றாலும், கராஜுக்குள் காரை ஓடவிட்டும் வீட்டுக்குள் கரியடுப்பு மூட்டியும் இந்த நச்சுவாயுவுக்குப் பலியானவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். கராஜின் கதவு திறந்திருந்தாலும் உள்ளே காரை ஓடவிடாதீர்கள். நச்சுவாயு எச்சரிக்கைக் கருவி இல்லையென்றால், ரொட்டிக்கு அலைவதை விட்டு இன்றே அதை வாங்குங்கள்.

அடுத்தது தண்ணீர்க் குழாய். குளிர்நாடுகளில் குழாய்களை வீட்டின் சூடான பகுதிக்குள்ளேயே கொண்டுபோவார்கள். இங்கே நிலவறையில்லாமல் வெறும் கான்கிரீட் தளத்தின்மேல் கட்டிய வீடுகளில் பலவற்றுக்குக் குழாய், மேற்கூரைக்கும் அறையின் உட்கூரைக்கும் இடையிலான பரண் வழியாகத்தான் ஓடுகிறது. பரணில் வெப்பக்காப்பு குழாய்க்குக் கீழே, உட்கூரைப் பலகையின்மேல் கிடப்பதால், குழாய் வெளிக்குளிரோடுதான் இருக்கும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிந்து குழாயைப் பிளந்துவிடும். ஆனால் அந்தப் பனிக்கட்டியே அடைப்பாக நிற்பதால், உருகும் நாள் வரை எதுவும் தெரியாது.

எங்கள் வீட்டில் அப்படித்தான் ஆயிற்று. பிப்ரவரி 15 திங்கள் அதிகாலை போன மின்சாரம் வியாழன் மதியம்தான் வந்தது. செவ்வாய் காலையில் கூடத்து வெப்பமானி 41 டிகிரி ஃபாரன்ஹீட் (5 டிகிரி செல்சியஸ்) காட்டியது. வெள்ளிக்கிழமை நல்ல வெயில், ஆபத்து நீங்கியது என்று நினைத்தோம். அப்போது கூரையில் தோசைக்கல் அளவுக்கு ஓர் ஈரவட்டம் தெரிந்தது. நாற்காலிமேல் ஏறி விரலால் தொட்டேன். நமுத்த அப்பளம்போல் பலகை உள்வாங்கியது. பத்து நிமிடத்தில் கூரையின் ஒரு பகுதி சோபாவின்மேல் விழுந்தது. தண்ணீரை நிறுத்தும் வால்வு எங்கே இருக்கிறது என்று தெரியாமல் நான் கைவிளக்கோடு தெருவில் தேடிய அரைமணி நேரத்தில்தான் தரையெல்லாம் பாழாயிற்று.

ஆகவே வாசலோரம் தரையில் பதிந்திருக்கும் மீட்டர் பெட்டியை இன்றைக்கே திறந்து பாருங்கள். உள்ளே இருக்கும் வால்வைத் திருக நீண்ட கைப்பிடிச் சாவி தேவைப்படலாம். வீட்டுக்காரரிடம் கேட்பதையும் நாளைக்குத் தள்ளிப்போடாதீர்கள். ஞாயிறு மாலையே வெளிக்குழாய்களை மூடிக் கட்டி, வெளிச்சுவரை ஒட்டிய குழாய்களில் வெந்நீர், தண்ணீர் இரண்டையும் நூலாகச் சொட்டவிட்டு, சிங்க்கின் கீழ் உள்ள அலமாரிக் கதவுகளைத் திறந்து வையுங்கள். மின்சாரம் நின்று வீட்டுக்குள் குளிர் ஏறத் தொடங்கிவிட்டால், சொட்டவிடுவதை நம்பாமல் வால்வையே அடைத்துக் குழாய்களைத் திறந்து வடியவிடுவது மேல்.

பதில் 2 – மின்பொறியாளர், சான் அன்டோனியோ

மின்சாரம் சுழற்சி முறையில்தான் நிறுத்தப்படும், ஒருமணி நேரத்தில் வந்துவிடும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். 2021-இலும் அப்படித்தான் தொடங்கினார்கள். டெக்சாஸின் பெரும்பகுதி அமெரிக்காவின் மற்ற இரு பெரிய மின்கட்டமைப்புகளிலிருந்து தனித்து நிற்பதால், வெளியிலிருந்து சிறிதளவே வாங்க முடிந்தது. மின்நிலையங்களுக்கு எரிபொருள் தரும் எரிவாயுக் கிணறுகள் உறைந்தன. எரிவாயுவைத் தள்ளும் நிலையங்களில் சிலவற்றுக்கு மின்சாரமே நின்றுபோனது. தேவைக்கு உற்பத்தி போதாததால், பிப்ரவரி 15 அதிகாலையில் 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டிய மின்சாரத்தின் அதிர்வெண் 59.4-க்குக் கீழே இறங்கி 4 நிமிடம் 23 விநாடி அப்படியே இருந்தது. 9 நிமிடம் நீடித்திருந்தால் மின்நிலையங்கள் தாமாகவே துண்டித்துக்கொண்டு மாநிலம் முழுவதும் இருண்டிருக்கும். அதைத் தடுக்கவே அவ்வளவு பெரிய வெட்டு. மருத்துவமனை போன்றவை இருக்கும் மின்தடங்களை நிறுத்த முடியாததால், நிறுத்தியவற்றையே நாள்கணக்கில் இருளில் வைக்க நேர்ந்தது.

அதன்பின் மின்நிலையங்களைக் குளிருக்குத் தயார்படுத்தச் சட்டம் வந்தது. 2022 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் வந்த குளிரை மாநிலக் கட்டமைப்பு தாங்கிவிட்டது. உங்கள் ஊருக்கு வேறொரு கவலை உண்டு. 2023 பிப்ரவரித் தொடக்கத்தில் ஆஸ்டினில் மின்சாரம் போனது மரக்கிளைகளால்தான். குளிர்காலத்திலும் இலை உதிர்க்காத ஓக் மரங்களில் உறைமழை கண்ணாடிபோல் படிந்து, பாரம் தாங்காமல் கிளைகள் கம்பிகள்மேல் முறிந்து விழுந்தன. உங்கள் தெருவில் மின்கம்பி மேலே ஓடுகிறதென்றால், சில நாள் இருட்டுக்குத் தயாராகவே இருங்கள். எரிவாயுச் சூடேற்றி இருப்பவர்களுக்கும் இது பொருந்தும்; காற்றைத் தள்ளும் விசிறிக்கு மின்சாரம் வேண்டும்.

பதில் 3 – டாலஸ் பாட்டி

மகளே, வயதானவர்கள் குளிர்கிறது என்று வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். பிள்ளைகளுக்குத் தொந்தரவு என்று நினைத்து, போர்த்திக்கொண்டு சும்மா இருந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். மணிக்கொருமுறை மாமியாரின் கையையும் கழுத்தையும் நீயே தொட்டுப் பார். பேச்சு குழறினாலோ, அதுவரை இருந்த நடுக்கம் நின்றுபோனாலோ, சற்றும் யோசிக்காமல் 911-ஐ அழை.

எல்லாரும் ஓர் அறையில், முடிந்தால் வெளிச்சுவர் குறைவாக உள்ள அறையில், படுங்கள். கதவின் அடியில் துண்டைச் சுருட்டி அடைத்து வையுங்கள். குழந்தைக்குக் கனமான போர்வையைவிட அடுக்கடுக்காக உடுத்துவது நல்லது. மாமியாரின் மருந்து பத்து நாளைக்கு இருக்கிறதா என்று பார்த்துக்கொள். தண்ணீரைக் குளியல் தொட்டியிலும் அண்டாக்களிலும் சனிக்கிழமையே பிடித்து வை. கழிப்பறைக்கும் வாளித் தண்ணீர் வேண்டும். 2021-இல் ஆஸ்டின் முழுவதும் ஒரு வாரம்போலத் தண்ணீரைக் காய்ச்சித்தான் குடிக்க வேண்டியிருந்தது. புளியோதரை கிளறி வைத்தால் கெடாது. இட்லி மாவை நம்பாதே, அந்தக் குளிரில் பொங்காது. மின்சாரம் இல்லாவிட்டாலும் மேலடுப்பைப் பெரும்பாலும் தீக்குச்சியால் பற்றவைக்கலாம். கஞ்சி வைக்கும் நேரம் மட்டும், சன்னலைச் சற்றுத் திறந்துவைத்து எரி, பிறகு அணைத்துவிடு.

பதில் 4 – ஃபோர்ட் வொர்த்

காரை எடுத்துக்கொண்டு வேறு ஊருக்குப் போகலாம் என்று எண்ணினால், உறைமழை தொடங்கும் முன்பே போய்விடுங்கள். 2021 பிப்ரவரி 11 அன்று எங்கள் ஊரில் உறைந்த நெடுஞ்சாலையில் 130-க்கும் மேற்பட்ட வாகனங்கள் ஒன்றோடொன்று மோதி 6 பேர் இறந்தார்கள்.

புதுக்குடித்தனம்

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. கணவர் இதைப் படித்தவுடன் போய் எச்சரிக்கைக் கருவி வாங்கி வந்தார். மீட்டர் பெட்டியைப் புல்லுக்கடியில் தேடிக் கண்டுபிடித்தோம். உள்ளே மண் நிரம்பியிருந்ததால் கரண்டியால் தோண்டித்தான் வால்வைத் திருக முடிந்தது. ஒருமுறை அடைத்துத் திறந்தும் பார்த்துவிட்டோம். மாமியார் ஏழு பாத்திரங்களில் தண்ணீர் பிடித்து வைத்துவிட்டார். ஓர் ஐயம்: வெந்நீர்க் கொதிகலன் மின்சாரத்தில் இயங்குவது. தண்ணீரை அடைத்தால் அதையும் நிறுத்த வேண்டுமா?

ரவுண்ட்ராக் வாசி

கட்டாயம் நிறுத்துங்கள், அதற்குரிய பிரேக்கரை இறக்கிவிடுங்கள். கலன் காலியாக இருக்கும்போது மின்சாரம் திரும்பினால் உள்ளிருக்கும் சூடேற்றும் கம்பி கருகிவிடும். தண்ணீரைத் திறந்து, வெந்நீர்க் குழாயில் காற்றில்லாமல் சீராக வருவதைப் பார்த்த பிறகே பிரேக்கரை ஏற்றுங்கள். வால்வைத் திறக்கும்போது ஒருவர் தெருவிலும் ஒருவர் வீட்டுக்குள் கூரையைப் பார்த்தபடியும் நில்லுங்கள்.