ரீடிங்க அழிச்சுட்டு மனசுல இருக்கிறத எழுதுற பசங்கள என்ன பண்றது?

கேள்வி:
எட்டாம் வகுப்புக்கு சயின்ஸ் எடுக்கிறேன். போன வாரம் தனி ஊசல் செஞ்சோம், 1 மீட்டர் நூல், மொதல்ல சின்ன குண்டு அப்புறம் பெரிய குண்டு, 10 அலைவுக்கு எவ்ளோ நேரம்னு ஸ்டாப்வாட்ச்ல பாக்கணும். ஒரு குரூப்புக்கு 20.1 செகண்டு, அடுத்து 20.2 வந்துச்சு. எழுதிட்டிருந்த பொண்ணு 20.2வ ரப்பர் வெச்சு அழிச்சுட்டு 17னு போடுறா. ஏம்மானு கேட்டா, "கனமா இருக்கிறது வேகமா தான ஆடும் டீச்சர், நாங்க தான் தப்பா எண்ணிட்டோம்"ங்கிறா. திட்ட மனசு வரல, ஏன்னா அவ ஏமாத்தல, நெஜமாவே அப்படி நம்புறா. இத எப்படி சரி பண்றது?

பதில் 1:
பெரியவங்களே அப்படித்தான் டீச்சர். 1960ல பீட்டர் வேசன்னு ஒரு உளவியலாளர் 2, 4, 6னு மூணு நம்பர் குடுத்து இதுல என்ன விதி இருக்குனு கண்டுபிடிக்க சொன்னாரு. நெறைய பேர் ரெண்டு ரெண்டா கூடுதுனு முடிவு பண்ணிட்டு 8, 10, 12 மாதிரியே சொல்லி சரிபார்த்துக்கிட்டாங்க, 1, 2, 3 சொல்லிப் பாத்திருந்தா அதுவும் பொருந்துதுனு தெரிஞ்சிருக்கும், ஏன்னா விதி வெறும் ஏறுவரிசை தான். அதனால குண்டு தொங்கவிடுறதுக்கு முன்னாடியே "நீ நெனைக்கிறது தப்புன்னா என்ன நம்பர் வரும்?"னு கேட்டு எழுதி வாங்கிருங்க. ரப்பர் வேண்டவே வேண்டாம், பேனாவுல ஒரு கோடு அடிக்கட்டும், பழைய நம்பர் கீழ தெரியணும், ஏன் அடிச்சோம்னு பக்கத்துல எழுதணும்.

பதில் 2:
ரெக்கார்டு நோட்டுல "சரியான" விடைக்கு மட்டும் மார்க் போட்டா எல்லாரும் அழிக்கத்தான் செய்வாங்க. இத மொதல்ல நாம நிறுத்தணும்.

பதில் 3:
அந்த பொண்ணு "தப்பா எண்ணிட்டோம்"னு சந்தேகப்பட்டது எனக்கு ரொம்ப பிடிச்சிருக்கு மேடம், அத விட்றாதீங்க. தப்பா எண்ணினோமானு பாக்க வழி இருக்கே, அதே குண்ட அஞ்சு தடவ ஆட்டி எழுத சொல்லுங்க. பட்டன் அமுக்குறதுலயே 0.2 செகண்டு போல முன்ன பின்ன போகும், அது புரிஞ்சா 20.1க்கும் 20.2க்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்த பெருசா எடுத்துக்க மாட்டாங்க, ஆனா 17 அந்த எல்லைக்குள்ள வரவே வராதுனு அவங்களுக்கே தெரியும்.

இன்னொண்ணு, ஊசலோட நீளத்த குண்டோட நடு வரைக்கும் அளக்கணும். பெரிய குண்டுக்கு ஆரம் 1 செ.மீ. கூடுதலா இருந்து நூல மாத்தலன்னா நீளமும் 1 செ.மீ. கூடிருது, 10 அலைவுக்கு 0.1 செகண்டு ஏறும்! அதாவது எடைய மட்டும் மாத்துறோம்னு நெனச்சு ரெண்ட மாத்திட்டோம். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்தணும்ங்கிறது பசங்களுக்கு தானா வர்றதில்ல, நேரா சொல்லிக்குடுத்தா பிடிச்சுக்கிறாங்க.

கேள்வி கேட்டவர்:
எல்லாருக்கும் நன்றிங்க. குண்டோட நடு வரைக்கும் அளக்கணும்ங்கிறத நானே கவனிக்காம விட்டுட்டேன், இன்னிக்கு அப்படி அளந்து, ஒவ்வொரு குண்டுக்கும் அஞ்சு தடவ எடுத்தோம். ரெண்டுக்குமே 19.9லேர்ந்து 20.3க்குள்ள. அந்த பொண்ணு ரொம்ப நேரம் நோட்டையே பாத்துட்டு இருந்தா, அப்புறம் 17 மேல அவளே கோடு அடிச்சா. அதோட நிக்கல, நூல 25 செ.மீ. ஆக்கி ஆட்டிப் பாத்துட்டு "கால்வாசி தான டீச்சர் நீளம், அப்புறம் ஏன் 10 செகண்டு வருது, 5 தான வரணும்?"னு வந்து நிக்கிறா. பதில் சொல்லல. 50 செ.மீ.க்கு எவ்ளோ வரும்னு எழுதிட்டு வாம்மானு அனுப்பிருக்கேன்.