லூசில் பால் ரேடியோல எப்படி காமெடி பண்ணாங்க?

பழையபெட்டி: லூசில் பால் நடிச்ச பழைய அமெரிக்க டிவி காமெடி ஐ லவ் லூசி எபிசோட் நாலஞ்சு பாத்தேன். அந்த சாக்லேட் ஃபேக்டரி சீன் இருக்கே, பெல்ட்டு வேகமா ஓட ஓட பேப்பர் சுத்த முடியாம வாயில திணிச்சு, தொப்பிக்குள்ள போட்டு, சட்டைக்குள்ள தள்ளி... வசனமே வேணாம், அந்த முழி போதும். ஆனா அதுக்கு முன்னாடி இவங்க ரேடியோ காமெடி பண்ணவங்களாமே? மூஞ்சியே தெரியாத எடத்துல இவங்களுக்கு என்ன வேலை?

ஒலிவாங்கி: 1948ல இருந்து 1951 வரைக்கும் சிபிஎஸ்ங்கற அமெரிக்க நிறுவனத்தோட ரேடியோல மை ஃபேவரிட் ஹஸ்பண்ட்னு ஒண்ணு பண்ணாங்க. அதுக்கு முன்னாடி பல வருஷம் சினிமாதான், பெரிய ஸ்டார் ஆகல, கம்மி செலவுல எடுக்குற பி படங்களோட ராணின்னே பேர். ரேடியோல கேக்குறவங்களுக்குத்தான் மூஞ்சி தெரியாது, ஸ்டுடியோல எதிர்ல ஆளுங்க உக்காந்திருப்பாங்க. பேப்பரப் பாத்து படிக்காம அவங்களுக்கு நடிச்சுக் காட்டுன்னு ப்ரொட்யூசர் ஜெஸ் ஓப்பன்ஹைமர் விடாம சொல்லிட்டே இருந்திருக்கார். அப்புறம் டிவிக்கு எழுதினதும் அதே டீம்தான், ரேடியோ கதைங்க சிலத தூசி தட்டி லூசிக்கு போட்டிருக்காங்க.

குறுக்குசால்: நடிப்ப விட எனக்கு அவங்க பிடிவாதம்தான் பிடிக்கும். ரேடியோல புருஷனா வந்தவர் ரிச்சர்ட் டென்னிங், டிவிக்கும் அவரே வரட்டும்னு சிபிஎஸ் சொல்ல, இவங்க என் நிஜ புருஷன் டெசி ஆர்னஸ்தான் வரணும்னு ஒத்தக் கால்ல நின்னாங்க. கியூபாக்காரர ஜனங்க ஏத்துக்க மாட்டாங்கன்னு சேனலுக்கு பயம், சரின்னு ரெண்டு பேரும் 1950ல ஊர் ஊரா மேடை போட்டு நடிச்சு கைதட்டு வாங்கிக் காட்டிட்டாங்க! ஹாலிவுட்லயே இருந்து ஃபிலிம்ல எடுக்குறோம்னு சொன்னப்ப செலவு கூடுதுன்னு சம்பளத்தக் கொறச்சாங்க, அதுக்கு பதிலா அந்த ஃபிலிம் எங்களுக்கே சொந்தம்னு எழுதி வாங்கிட்டாங்க. அதுலதான் காசு.

ஒலிவாங்கி: அத ஏதோ தீர்க்கதரிசனம் மாதிரி சொல்றாங்க எல்லாரும், அப்போ மறுஒளிபரப்புல இவ்ளோ பணம் இருக்குன்னு யாருக்கு தெரியும். நியூயார்க்ல இருந்து நேரடியா பண்ணுங்கன்னாங்க, இவங்களுக்கு அங்க போக மனசில்ல, அவ்ளோதான் ஆரம்பம்.

குறுக்குசால்: இருக்கட்டும். ஆனா 1960ல விவாகரத்து ஆச்சு, 1962ல டெசியோட பங்கையும் வாங்கி ரெண்டு பேரும் சேந்து வெச்சிருந்த டெசிலு ஸ்டுடியோவ தனியா நடத்தினாங்களே, அது தற்செயலா? ஸ்டார் ட்ரெக் டிவி தொடரே அங்க எடுத்ததுதான். 1953ல லூசிக்கு குழந்தை பொறக்குற எபிசோட 4 கோடியே 40 லட்சம் பேர் பாத்தாங்க, அன்னிக்கேதான் நிஜத்துலயும் பையன் பொறந்தான். இதுல கூத்து என்னன்னா 'கர்ப்பம்'ங்கற வார்த்தைய மட்டும் டிவில சொல்லக்கூடாதாம், வயித்த காட்டலாமாம் 😄

பழையபெட்டி: ரெண்டு பேருக்கும் நன்றி. இப்பதான் ஒரு ரேடியோ எபிசோட் தேடிப் புடிச்சு கேட்டேன். நடுவுல ஒரு எடத்துல யாருமே பேசல, ஆனா கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்குது. அந்த நேரத்துல என்ன மூஞ்சி வெச்சிருந்தாங்களோ.